வெளுத்த வளையம்

தலைமையாசிரியர் உத்தரவுப்படி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கிடந்த சாதிக் கயிறுகளையெல்லாம் அமலோற்பவம் டீச்சர் கத்தரித்துச் சாக்பீஸ் டப்பாவில் போட்டாள். சாதிக்கொரு நிறம். டப்பா திருவிழாக் கடைபோல மினுங்கியது. கயிறு போன இடத்தில் வெயில் படாத தோல் வெளுத்த வளையமாகத் தெரிந்தது. மறுநாளும் பிள்ளைகள் பழைய பெஞ்சுகளில்தான் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

திருப்பூரிலிருந்து புதிதாக வந்த யாழினியின் கையில் மட்டும் வளையம் இல்லை. வந்த அன்றே, “நீ எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். “பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வாடகைக்கு இருக்கோம்” என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் பையை நடுவில் வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரமாக மத்தியானச் சோற்றைக் குழாயடியில் தனியாக நின்று தின்கிறாள். இந்த வயதில் கூட்டாளிகளின் ஏற்புதான் பிள்ளையின் அடையாளத்தை உருவாக்குகிறது என்று பி.எட். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் டீச்சர். அதற்கு நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் யாழினி மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், அந்த டப்பாவுல இருந்து எனக்கும் ஒண்ணு கட்டி விடுங்க.”

“ஏட்டி, உனக்கு எதுக்கு அந்தச் சனியன்?”

“யாருமே எங்கூடப் பேச மாட்டேங்கறாங்க டீச்சர். எந்தக் கலர்னாலும் சரி.”

டீச்சர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். அதற்குள் கை டப்பாவைத் திறந்து கயிறுகளைக் கிளறத் தொடங்கியிருந்தது.

“ஏட்டி, உங்கப்பாவுக்குச் சொந்த ஊர்ல எந்தத் தெரு?” என்றாள்.