கண்டக்டரம்மாவின் செடி

"செத்துப்போச்சு" என்றாள் மருமகள்.

புருஷன் தொட்டியை எட்டிப் பார்த்தான். காட்டுச் சாமந்தி சருகாகித் தலைசாய்ந்து கிடந்தது.

"ஒரு செடிதானே. அம்மாகிட்ட சொல்லிடு."

"நீங்க சொல்லுங்களேன்."

அவன் அவசரமாகக் குளிக்கப் போய்விட்டான்.

ஒரு செடிதான். ஆனால் அது கண்டக்டரம்மாவின் செடி. மாமியார் பஸ் கண்டக்டராக இருந்தவள். ரிட்டயரான அன்று, தன் ரூட்டின் கடைசி ஸ்டாப்பில் வேலியோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்ததை வேரோடு பெயர்த்து வந்து நட்டாள். அதன் கிட்டே யாரையும் விடமாட்டாள். மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போதுதான் வேறு வழியில்லாமல் மருமகளிடம் ஒப்படைத்தாள்.

"பாத்துக்கோ." அவ்வளவுதான் பேச்சு.

மருமகள் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபின் இதுதான் அவளுக்கு முதல் குளிர்காலம். மக்கர் பண்ணும் லிஃப்ட் எதுவானாலும் அவள் கை வைத்தால் ஓடும். ஊரே மெச்சும். மாமியாரிடம் மட்டும் இன்றுவரை "ம்"முக்கு மேல் ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை. இந்த லட்சணத்தில் செடியும் போய்விட்டது.

சாயங்காலமே போன் வந்தது.

"குழந்தை நல்லா இருக்கு. செடி?"

"நல்லா இருக்கு அத்தை." அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் நாக்கு நிற்கவில்லை. "பூகூட விட்டிருக்கு."

"பூவா?"

"ஆமா அத்தை."



"சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

பூ என்று சொல்லியாகிவிட்டது, இனி பூவுக்கு எங்கே போவது? பல் கிட்டிப்போகும் குளிரில், வேலை முடிந்த கையோடு நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினாள். எல்லோரும் கையை விரித்தார்கள். "வேலியோரம் முளைக்கிறதை யாரும்மா காசு குடுத்து வாங்குவா?" என்று ஒருவர் சிரித்தே விட்டார். கடைசியில், ஊருக்கு வெளியே கண்ணாடிக் கூடாரத்தில் செடி வளர்ப்பவரிடம் ஒன்றே ஒன்று பூவோடு கிடைத்தது. கூடவே ஜலதோஷமும் கிடைத்தது. பழைய வேரைப் பின்சுவரோரம் வீசிவிட்டு, புதியதை அதே தொட்டியில் நட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி முன்னால் நின்றாள். பூவைப் பார்த்தாள். மருமகளின் சிவந்த மூக்கைப் பார்த்தாள்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். எதிர்வீட்டு டெய்லரக்காவைப் பார்த்து, பஸ்ஸில் ஸ்டாப் பேரைக் கூவிய அதே குரலில் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரு. இந்தக் குளிர்ல என் வீட்டுத் தொட்டியில பூ. எல்லாம் என் மருமக வேலை. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா?"

அதன்பிறகு பால்காரர், தபால்காரர், வழிதவறி வந்து விலாசம் கேட்டவர் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லோருக்கும் பூ தரிசனம், மருமகள் புகழ்.

மருமகளுக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் சுருக் சுருக்கென்று தைத்தது. ஏங்கிக் கிடந்த பெருமை கிடைத்தும் அது திருட்டுப் பெருமையாகப் போயிற்றே. வேலையில்கூடத் தன் தப்பை ஒருநாளும் மறைத்தவள் இல்லை அவள்.

குளிர் விட்டது. ஒருநாள் காலை துணி உலர்த்தப் போனவள் பின்சுவரோரம் அப்படியே நின்றுவிட்டாள். வீசியெறிந்த வேரிலிருந்து பச்சைப் பசேலென்று துளிர். சுற்றிலும் யாரோ பாத்தி கட்டியிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது.

திரும்பினாள். கையில் தண்ணீர்ச் செம்போடு மாமியார்.

"அத்தை... அந்தத் தொட்டியில இருக்கறது..."

"கடையில வாங்கினது. தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ போன்ல பூன்னு சொன்னப்பவே. குளிர் வந்தா இது சருகாயிடும். வேர் மட்டும் உள்ள தூங்கிட்டிருக்கும். வெயில் வந்தா தானா எழுந்துக்கும். வருஷா வருஷம் இதே கதைதான். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகாதது என் திமிரு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"டிக்கெட் எடுக்காதவன் முழியை எத்தனை பாத்திருப்பேன்? நீயும் அப்படித்தான் முழிச்சே. பாவமா இருந்துச்சு."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் தெரிஞ்சுமா ஊரெல்லாம் கூப்பிட்டு அவ்வளவு பெருமையாச் சொன்னீங்க?"

கண்டக்டரம்மா குனிந்து துளிருக்குத் தண்ணீர் விட்டாள்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு அந்தக் குளிர்ல ஒருத்தி கடை கடையா அலைஞ்சிருக்கா. நான் பெருமைப்பட்டது பூவைப் பாத்துன்னா நினைச்சே?"