அப்பா குலத்துக் கட்டம்

இன்வர்னஸ் கடையில் ஃபெர்கஸ் கல்யாணத்தன்று இடுப்பில் கட்டும் கில்ட் பாவாடைக்கு, குலத்துக்கொரு நிறத்தில் கட்டம் போட்ட துணி பார்த்தார்கள்.

"ஃபெர்கஸ் கன்னிங்ஹாம்னு பேரை வச்சுக்கிட்டு வேற எதைடா கட்டுவ? சிவப்புக் கட்டத்தை எடு," என்றார் கூட வந்த டங்கன்.

"எனக்கு நீலக் கட்டம்தான் வேணும்."

"அது லாமான்ட் குலத்தோடதுங்க," என்றாள் கடைக்காரி மோரக். "அப்பா குலத்துக் கட்டத்தைக் கட்டுறதுதான் முறை. பாவம், கூடவே வந்திருக்காரே உங்கப்பா, அவர் மனசை நோகடிக்காதீங்க."

"பெத்தவர் எனக்கு மூணு வயசுலயே எங்களை விட்டுட்டுப் போயிட்டார். அப்புறம் அம்மாவைக் கட்டிக்கிட்டு என்னை வளர்த்தவர் இவர்தான். டங்கன் லாமான்ட்."

டங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீலத்தையே குடும்மா. இவனுக்கு அஞ்சு வயசுல நான் தைக்கக் குடுத்த நீலக் கில்ட் இன்னும் அலமாரியில புதுசாவே கிடக்கு. கட்டிக்கடான்னு சொல்லத்தான் எனக்கு வாய் வரல."