வாயைத் திறக்காதீங்க, மதாம்!

"மதாம் கிஸ்லேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு ஒருநாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க!"

சாப்பாட்டுக் கூடத்து வாசலிலேயே வழிமறித்துக் கெஞ்சினாள் மிரேய். மான்ட்ரியலில் அந்த முதியோர் குடியிருப்புக்கு வாடகைக்கு ஆள் பிடிப்பது அவள் வேலை.

கிஸ்லேனுக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் என்ன கடிச்சா வைக்கிறேன்?"

"கடிச்சாக்கூடப் பரவாயில்லை. கேள்வி கேக்கறீங்களே! போன மாசம் 408-ஆம் நம்பர் வீட்டைப் பாக்க வந்த அம்மாகிட்ட, 'புருஷன் செத்துட்டாரா, ஓடிட்டாரா?'ன்னு கேட்டீங்க."

"ஓடித்தான் போயிருந்தார். கேக்கலைன்னா தெரிஞ்சிருக்குமா?"

"அதுக்கு முன்னாடி வந்தவர்கிட்ட, 'பல்லெல்லாம் சொந்தமா?'ன்னீங்க. மனுஷன் சூப்பு ஆறுறதுக்குள்ள கிளம்பிட்டார். ஜூலை ஒண்ணாம் தேதி ஊரே வீடு மாத்துது. அதுக்குள்ள 408-க்கு ஆள் வரலைன்னா இன்னும் ஒரு வருஷத்துக்குக் காலிதான். பாத்துக்குங்க."



407-ல் இருப்பவள் கிஸ்லேன். பக்கத்து வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டி.வி. சத்தம் உண்டா, ஒரு இருமல் உண்டா? எழுபத்தொன்பது வயதில் அந்த அமைதி அவளுக்குப் பயமாக இருந்தது. யாராவது வந்து தொலைந்தால் தேவலை. அதற்காக ஒரு வேளை வாயைக் கட்டுவது பெரிய காரியமா?

"சரி, வர்றது யாரு?"

"முசியே ரோசேர்."

"யாரு, அந்த ஓசிச் சூப்பா!"

"மதாம்!"

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வியாழக்கிழமை மதியச் சாப்பாடு இலவசம். ரோசேருக்கு இது மூன்றாவது வியாழன். வருவார், 408-ஐப் பார்ப்பார், ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார், யோசிச்சுச் சொல்றேன் என்று போய்விடுவார். சாப்பாட்டுக்காகவே வருகிற ஆசாமி என்று கூடமே முடிவு கட்டியிருந்தது. முகத்துக்கு நேரே ஒருவரும் மூச்சு விடவில்லை.

இன்றைக்கு அவரே கேட்டாராம், பக்கத்து வீட்டுக்காரங்க எந்த மேசை, அவங்களோட உட்காரணும் என்று. அதனால்தான் மிரேய் வாசலிலேயே வழிமறித்தாள்.

ரோசேரைக் கிஸ்லேனின் மேசையில் உட்கார வைத்துவிட்டு, மிரேய் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். எழுபது, எழுபத்திரண்டு இருக்கும். பட்டாணி சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு, "சௌக்கியமா மதாம்?" என்றார்.

கிஸ்லேன் ஒரு துண்டு ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"இங்கே சுவரெல்லாம் மெலிசா?"

"ம்."

"பக்கத்து வீட்டுல இருமினா கேக்குமா?"

"ம்ம்."

"நீங்க அதிகமாப் பேச மாட்டீங்களோ?"

நாலு மேசை தள்ளி யாருக்கோ புரை ஏறியது. கிஸ்லேன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு ரொட்டியை எடுத்தாள். அவர் எந்த வேலையில் இருந்தார்? பெண்டாட்டி எங்கே? பார்க்க வந்த வீட்டில் போன வாரம் பத்து நிமிஷம் ஏன் வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்? அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினாள்.

ரோசேரின் முகம் வாடிப்போனது. கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க, மத்மசேல் மிரேய். இந்த வீடு சரிப்படாது."

அவ்வளவுதான். கிஸ்லேனின் பொறுமை பறந்தது.

"நில்லுங்க முசியே! என்ன சரிப்படாது? மூணு வாரமா இங்கே சாப்பிட்டுட்டு, பெரிசா சரிப்படாதாமே! யாரு நீங்க? எங்கேருந்து வர்றீங்க? கல்யாணம் ஆச்சா இல்லையா? சட்டையில ரெண்டு பட்டன் இல்லையே, தைச்சுக் குடுக்க வீட்டுல ஆள் இல்லையா? கண்ணு வேற செவசெவன்னு இருக்கு. ராத்திரி தூங்கறீங்களா, அழறீங்களா?"

மிரேய் தலையில் கை வைத்துக்கொண்டாள். போச்சு, 408 இந்த வருஷம் போச்சு!

ரோசேர் கிஸ்லேனையே பார்த்தார். பிறகு கோட்டை மறுபடி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"ஒப்பந்தத்தைக் கொண்டு வாங்க மத்மசேல். எங்கே கையெழுத்துப் போடணும்?"

மிரேய்க்கு நாக்கு குழறியது. "அப்போ... நீங்க இங்கே..."

"எனக்கில்லை. எங்க அக்கா அர்மாந்துக்கு. எண்பத்தொரு வயசு. தனியா இருக்கா."

"கவலைப்படாதீங்க முசியே! ஒவ்வொரு அறையிலும் மணிக் கயிறு இருக்கு. இழுத்தா ஆள் ஓடி வரும்."

"அவ இழுக்க மாட்டா. யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதும்பா. அவளுக்குக் கயிறு போதாது மத்மசேல், இவங்கதான் வேணும்."

கிஸ்லேனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா? நான் ஊர் வம்பு பேசறவ முசியே. வேணும்னா இங்கே யாரை வேணாக் கேட்டுப் பாருங்க!"

ரோசேர் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்போ அவ இருக்கற இடத்துல அக்கம்பக்கம் எல்லாருமே ரொம்ப நாகரிகமானவங்க, மதாம். அடுத்தவங்க விஷயத்துல தலையிடவே மாட்டாங்க. பிப்ரவரியில அக்கா சமையலறையில வழுக்கி விழுந்து, ரெண்டு நாள் தரையிலேயே கிடந்தா. வாசல்ல எடுக்காமக் கிடந்த ரெண்டு நாள் பேப்பரை மிதிக்காம, எல்லாரும் பதவிசாத் தாண்டிப் போயிருக்காங்க."