நாலு மணி பதினொரு நிமிடம்

சிக்கலான பிரசவம் பார்க்க அந்தப் பிரிட்டிஷ் தீவில் வைத்தியர் இல்லை. சுகந்தினியை மருத்துவ விமானத்தில் ஏற்றினார்கள். தீவுக்கென்று வானத்திலும் ஓர் எல்லை உண்டு; அதற்குள் பிறந்தால்தான் தீவின் பிள்ளை. தாயும் தகப்பனும் அங்கேயே பிறந்தவர்கள் என்பதெல்லாம் செல்லாது.

நடுவானில் மகள் பிறந்தாள். தாதி படிவத்தில் நேரத்தை மட்டும் எழுதாமல் வைத்திருந்தாள்.

"நாலு மணி எண்டு போடட்டே?" என்று குழந்தையின் தகப்பன் யோகராசாவிடம் இரண்டு தரம் கேட்டாள்.

அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. சாதகம் கணிக்க நிமிடம் பிசகக்கூடாதென்று மணிக்கூட்டிலிருந்து கண்ணெடுக்காமல் நின்றவன் அவன். எல்லை அவன் நினைவிலேயே இல்லை.

"நாலு பதினொண்டு. வடிவாப் பாத்தனான். அப்பிடியே எழுதுங்கோ."

அவள் பெருமூச்சு விட்டு எழுதினாள். விமானம் எல்லையைக் கடந்தது நாலு மணி ஒன்பதுக்கு.

மூன்று வாரம் கழித்துத் தீவுக்குத் திரும்பியபோது, குடிவரவு மேசையில் குழந்தைக்கு வருகையாளர் அனுமதி கொடுத்தார்கள்: முப்பது நாள்.

"நேரம் பிழையெண்டு சொல்லுங்கோப்பா," என்றாள் சுகந்தினி.

சொன்னான். அதிகாரி விமானத்தில் பதிவான அவன் குரலையே போட்டுக் காட்டினார். "வடிவாப் பாத்தனான்," என்றது அது.

வீட்டுக்குச் சாத்திரியார் அனுப்பிய சாதகம் வந்திருந்தது. யோகராசா பிரித்து வாசித்தான். தீர்க்காயுசு, எண்பத்திரண்டு வயது வரைக்கும் பயமில்லையாம்.

குழந்தையை மடியில் போட்டிருந்த சுகந்தினி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்வளவு காலமும் எங்கயாம் இருப்பாள்?"