ஜன்னலோரத் தொட்டி

அடுப்பில் வாட்டிய கற்பூரவல்லி இலையின் காரமான வாசனை சமையலறையெங்கும் நிற்கிறது. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரி இலைகளைத் துணியில் சுற்றி முறுக்குகிறாள். பச்சைச் சாறு சொட்டுச் சொட்டாகக் கரண்டியில் விழுகிறது. அதன்மேல் கொஞ்சம் தேன். மேடையில் உட்கார்ந்து காலாட்டும் சின்ன மகளுக்கு மூன்று நாளாக நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, மூச்சு விட்டால் கீச்சுக் கீச்சென்கிறது. வேலைக்குக் கிளம்பிய கணவன் ஒரு கால் செருப்போடு உள்ளே எட்டிப் பார்க்கிறான். “எந்தத் தொட்டியில பறிச்ச?” “ஜன்னலோரத்துல இருக்குல்ல, அதுல. ஏங்க?” “ஐயோ, மாவுப்பூச்சின்னு அதுக்குத்தானே பூச்சிமருந்து அடிச்சேன்!” கரண்டி மகளின் உதட்டருகே அப்படியே நின்றுவிடுகிறது. “இருங்க, வெயில் படட்டும்னு சனிக்கிழமை ஜன்னல் தொட்டியையும் கதவோரத் தொட்டியையும் இடம் மாத்தி வச்சேன். நீங்க என்னைக்கு அடிச்சீங்க?” “சனிக்கிழமைதான்.” “நான் மாத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” அவன் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஜன்னலோரமும் கதவோரமும் இரண்டு செடியும் ஒட்டிப் பிறந்ததுபோல் தளதளவென்று நிற்கின்றன. “இலையைக் கழுவினியா?” “கழுவினேன்” என்கிறாள், தன் விரல்களையே பார்க்கிறாள். கரண்டி விளிம்பில் திரண்ட சொட்டு தரையில் விழுகிறது. அதைப் பார்த்த மகள் நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கிக்கொள்கிறாள்.

“முதல் கரண்டி தித்திப்பா இருந்துச்சும்மா. இதையும் குடு.”