கடமானுக்குப் பிடித்த இடம்

புல்வெளிப் பக்கம் செந்நாய்கள் வந்ததிலிருந்து அந்தக் கடமான் தன் குட்டியோடு முட்புதருக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தது. கசப்பு இலைகளைத் தின்று தின்று விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஒருநாள், காட்டு விலங்குகளைப் பற்றி ஆராய வந்திருந்தவர்களின் கூடாரத்திலிருந்து மைனா பறந்து வந்தது.

"அக்கா, அவர்கள் உன் கழுத்தில் மாட்டிய பட்டை நீ இருக்கும் இடத்தையெல்லாம் சொல்லிவிடுகிறதாம். வரைபடத்தில் புள்ளி வைத்துக் கணக்குப் போட்டார்கள். எல்லாப் புள்ளியும் இந்தப் புதரில்தான். காட்டிலேயே உனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதானாம்!"

"பிடித்த இடமா?" கடமானுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆமாம். அதனால் புல்வெளியிலும் இதே முள்ளை வளர்க்கப் போகிறார்கள். எல்லாம் உனக்காகத்தான்."

புல்லே இல்லாமல் போனால் குட்டி எதைத் தின்னும்? கடமான் குட்டியைப் புதரிலேயே விட்டுவிட்டு, பட்டப்பகலில் புல்வெளியின் நடுவே போய் நின்று மேய்ந்தது. செந்நாய்கள் பாய்ந்தன. தொடையில் ஒரு கடியோடு எப்படியோ தப்பி, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தது.

மறுநாள் மைனாவைக் கண்டதும், "என் புள்ளியைப் பார்த்தார்களா?" என்று கடமான் ஆவலாகக் கேட்டது.

"பார்த்தார்கள் அக்கா. கடமான் அங்கே போகவே போகாது, பட்டையில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லி, அந்தப் புள்ளியை அழித்துவிட்டார்கள்."