அவசரப் பொத்தான்

லிஃப்ட்டுக்குக் காத்திராமல், ஆக்சிஜன் சிலிண்டரோடு மூன்றாவது மாடிக்கு ஓடினார்கள் இக்பாலும் தயாளனும். முதியோர் உதவி மையம் கொடுத்திருந்த அவசரப் பொத்தானை வைத்தியலிங்கம் அழுத்தியிருந்தார்.

கதவு திறந்தே கிடந்தது. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நெஞ்சு வலிக்குதா?" தயாளன் மாஸ்க்கை அவர் முகத்தருகே கொண்டுபோனான்.

தள்ளிவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா. எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"அழுத்தினா ஒரு படையே வரும்னு அன்னைக்கு அளந்தீங்களே!"

இக்பாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களைத் தூக்க ஒரு ஆளே போதும் ஐயா."

"என்னை இல்லப்பா."

படுக்கையறையைக் காட்டினார். அவர் மனைவியின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"எங்களுக்கு வேற யாருமில்ல. சுமக்க நாலு பேர் வேணுமே, தம்பி."